யாருடைய கணக்கிலும் சேராத மூன்று வாரங்கள்

முருகன் துணை

பதுளை,
3.10.1955

என்றும் மறவாத ஓவர்சியர் ஐயாவுக்கு,

கடைவீதி லிங்கம் எழுதுகிறேன். இங்கே நானும் அன்னலட்சுமியும் மகள் பூவம்மாவும் ஆண்டவன் புண்ணியத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறோம். பண்டாரவளைக் குளிரில் நீங்களும் கமலாம்பிகை அக்காவும் எப்படி இருக்கிறீர்கள்? பென்ஷன் வாங்கியதும் யாழ்ப்பாணத்தோடு இருந்துவிடுவீர்கள் என்றுதான் நினைத்தேன். ஊவாக் காற்று உங்களை விட்டதா பாருங்கள்!

தீபாவளிக்கு ஒரு கார்டு, பொங்கலுக்கு ஒரு கார்டு என்று ஆறு வருடத்தை ஓட்டிவிட்டோம். இப்போது ஒரு வம்புதான் நம்மைச் சேர்த்து வைக்கிறது. பசறைப் பக்கம் கல்லூத்துத் தோட்டத்தில் தேயிலை ஃபேக்டரிக்குக் கொழுந்து வாட்டும் மாடி ஒன்று கட்டிக் கொடுத்தேன். ஜூன் கடைசியில் முடிக்க வேண்டியது ஏழு வாரம் பிந்திவிட்டது. காற்றுக் காலத்து நல்ல கொழுந்தையெல்லாம் பக்கத்துத் தோட்டத்துக்கு லொறியில் ஏற்றி வாட்ட வேண்டியதாயிற்று என்று கொழும்புக் கம்பனி என்மேல் நட்டஈடு கேட்கிறது. நடுவராக வைக்க மூன்று பேருடைய பெயரை எழுதி அனுப்பினார்கள். இரண்டாவது பெயர் உங்களுடையது. மூன்றாவதை நான் வாசிக்கவே இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அன்னலட்சுமிக்குப் பயம். "சிநேகிதரு தீர்ப்புச் சொன்னா நாலு பேரு நாலு விதமாப் பேச மாட்டாங்களா?" என்கிறாள். "அடியே, அந்த மனுசன் சொந்தத் தங்கச்சி கல்யாணப் பந்தலையே டேப் புடிச்சு அளந்து, முழம் கொறையுதுன்னு பந்தக்காரன் கூலியப் புடிச்சவரு" என்றேன். பொய்யா சொன்னேன்?

நேற்று முழுக்கப் பழைய நினைவுதான். நீங்கள் முதன்முதலில் டிரங்குப் பெட்டியோடு பதுளை ஸ்டேஷனில் இறங்கி, குளிர் தாங்காமல் ஒரு வேட்டியின் மேல் இன்னொரு வேட்டியைக் கட்டிக்கொண்டு எங்கள் கடை வாசலில் வந்து நின்றீர்களே, அப்பா என்ன கேட்டார் தெரியுமா? "யாருடா இது, புடவைக் கடை எடம் மாறி வந்து நிக்குது?" என்றார். அன்றைக்குக் கடை மாடியில் என் பாய்க்குப் பக்கத்தில் விரித்த பாயை உங்கள் கல்யாணம் வரைக்கும் நீங்கள் சுருட்டவில்லை.

ரயில் கார்ட் கையில் ஒரு கூடை தோடம்பழம் கொடுத்து அனுப்புகிறேன். அக்காவுக்குப் பிடிக்கும்.

உங்கள் பழைய மாடிப் பங்காளி,
லிங்கம்


சிவமயம்

பண்டாரவளை,
7.10.1955

அன்புள்ள லிங்கம்,

உமது கடிதம் வந்தது. கூடையும் வந்தது. கூடையை அடுத்த ரயிலிலேயே திருப்பி அனுப்பிவிட்டேன். ஒரு வழக்கில் நடுவராக இருப்பவனுக்கு வழக்காளி பழம் அனுப்புவதா? உமக்கு எப்போதுதான் புத்தி வரும்?

திருப்பி அனுப்பும்போது இரண்டு பழம் குறைந்திருக்கும். அது என் குற்றமல்ல. "பழம் என்னப்பா பாவம் செய்தது? அனுப்பிறதெண்டால் அனுப்புங்கோ, நான் ரெண்டு எடுத்திட்டன்" என்று கமலாம்பிகை சொல்லிவிட்டார். அந்த இரண்டின் விலைக்கு முத்திரை இணைத்திருக்கிறேன். சிரியாதேயும்.

உம்மை எனக்கு நெடுநாளாகத் தெரியும் என்று கம்பனிக்கு எழுதினேன். "ஊவாவில் எந்த ஓவர்சியருக்கு எந்தக் கொந்திராத்துக்காரரைத் தெரியாது? உங்களையும் எங்களுக்குத் தெரியும்" என்று பதில் வந்தது. அவர்கள் நம்பியபின் நான் இன்னும் கவனமாக நடக்க வேண்டும். ஆகவே கேளும். தீர்ப்பு வரும்வரை நாம் சந்திப்பதில்லை. நீர் பண்டாரவளைக்கு வந்தாலும் என் படலையைத் திறக்காதேயும். வழக்கைப் பற்றி எனக்குத் தனியாக எழுதக் கூடாது. வீட்டுச் சுகம் விசாரித்து எழுதினால் குற்றமில்லை என்று நினைக்கிறேன். அதுவும் இல்லாவிட்டால் எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும்.

வழக்குக்கு வேண்டியதை முறையாக அனுப்பும். ஏழு வாரமும் எப்படிப் போயின, ஒவ்வொன்றுக்கும் என்ன காரணம், அந்தக் காரணம் வானமா, நீரா, தோட்டமா என்று பிரித்து எழுதி, ஒரு பிரதி எனக்கும் ஒரு பிரதி கம்பனிக்கும் அனுப்ப வேண்டும். ஒன்றையும் விடாதேயும். நீர் எழுதாத காரணத்தை நான் உமக்காக எழுத முடியாது.

புடவைக் கடை என்றாரா உம்முடைய தகப்பனார்? இருபத்தொரு வருடம் கழித்தா இதைச் சொல்கிறீர்!

அன்புடன்,
க. இரகுநாதன்


முருகன் துணை

பதுளை,
20.10.1955

ஓவர்சியர் ஐயாவுக்கு,

கூடை திரும்பி வந்தது. பழத்தில் பாதி அழுகிவிட்டது. உங்கள் நேர்மையைக் காக்கை தின்கிறது. முத்திரையை அன்னலட்சுமி சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறாள்.

காரணங்களை எழுதி இரண்டு பேருக்கும் அனுப்பிவிட்டேன். இனி அந்தப் பேச்சு என் வாயில் வராது. இது வீட்டுக் கடிதம்.

பூவம்மாவுக்கு எட்டு வயது ஆகிவிட்டது. மொட்டையடித்த தலையில் இப்போதுதான் சுருள் சுருளாக முடி வருகிறது. "பந்தல் விழுந்த கதையைச் சொல்லுப்பா" என்று தினமும் உயிரை வாங்குகிறாள். உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? நாட்டுக்குச் சுதந்திரம் என்று ஊரெல்லாம் விளக்குப் போட்ட அன்று கடைவீதி முகப்பில் நாம் இருவரும் கட்டிய தோரண வளைவு! பெரிய மனிதர்கள் கார் வந்து நின்றதும் சாய்ந்தது பாருங்கள். மூங்கில் என்னுடையது, கணக்கு உங்களுடையது. "மூங்கில் பச்சை" என்றீர்கள். "கணக்குத்தான் பச்சை" என்றேன். கோப்பிக்கடையில் உட்கார்ந்து அதற்கு ஒரு நட்டஈட்டு வழக்கே நடத்தினோம். கடைக்கார இத்ரூஸ் நானா நடுவர். "ரெண்டு பேரும் கேஸ முடிச்சிட்டு எனக்குத் தேத்தண்ணிக் காசக் குடுங்க" என்று தீர்த்து வைத்தார்.

அன்றைக்கு வளைவு விழுந்ததும் சிரிக்க முடிந்தது. இப்போது ஒன்று விழுந்தால் எழுந்திருக்க முடியாது போலிருக்கிறது. என் பிரஜாவுரிமை மனு இன்னும் அரசாங்க அதிபரின் கச்சேரியில் தூங்குகிறது. அது வரும்வரை அரசாங்க வேலை எதையும் நான் தொட முடியாது. தோட்டத்து வேலை ஒன்றுதான் சோறு. கையில் இருப்பது அந்த லொறியும் கடையில் என் பங்கும்தான். ஐயோ, பாருங்கள், வழக்கு வாசம் அடிக்கிறது. இதோடு நிறுத்துகிறேன்.

அக்காவின் இருமல் எப்படி? 

லிங்கம்


சிவமயம்

பண்டாரவளை,
14.11.1955

அன்புள்ள லிங்கம்,

இதை எழுதக் கூடாது என்று இரண்டு நாள் என்னோடு நானே சண்டை பிடித்துத் தோற்றுப்போனேன்.

தோட்டத்துக்குப் போய் மாடி முழுவதையும் அளந்தேன். நல்ல வேலை. சுவருக்கு நூல் பிடித்துப் பார்த்தேன், ஓர் இடத்திலும் குறை இல்லை. அங்கே நின்றபோது, பசறைப் பாதையில் நாம் போட்ட மதகு எல்லாம் கண்ணில் வந்தது. அட்டைக் கடிக்குச் சவர்க்காரம் பூசிக்கொண்டு நாள் முழுவதும் மழையில் நிற்போமே. மொஹிதீன் பாஸ் அப்போது சாந்து சுமக்கிற இளந்தாரி. இப்போது அவருக்குக் கீழே பத்து மேசன்மார்.

இனி விஷயம். ஏழு வாரத்தில் மழையும் பாதைச் சரிவும் இரண்டு வாரம். அது வானத்தின் வேலை, உம்மைப் பிடிக்க முடியாது. மொனராகலையிலிருந்து மரம் வரப் பிந்தியது இரண்டு வாரம். அது உம்முடைய பொறுப்பு. நீரும் ஒத்துக்கொண்டிருக்கிறீர். மிச்சம் மே மாதத்தில் மூன்று வாரம். கல்லும் மணலும் வந்து கிடந்தன. ஆட்கள் தோட்டத்திலேயே இருந்தார்கள். மழையும் இல்லை. ஆனாலும் ஒரு கல்கூட ஏறவில்லை. உம்முடைய எழுத்திலே அதற்குக் காரணம் என்று ஒரு வரியும் இல்லை.

தோட்டத்துத் துரையின் கந்தோரில் விசாரணை வைத்தபோது உம்மிடம் அதை நேரே கேட்டேன். "என் தாமதம்னே எழுதிக்குங்க" என்றீர். துரை யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மொஹிதீனைக் கேட்டேன். "அத எங்கட மொதலாளிக்கிட்ட கேளுங்க சேர். நான் சொல்ல ஏலாது" என்று சொல்லி எழும்பிப் போய்விட்டார். அங்கே எல்லோருக்கும் தெரிந்த ஒன்று எனக்கு மட்டும் தெரியாது. எனக்கு அது பிடிக்கவில்லை.

மாடி பிந்தினால் வாரத்துக்கு இவ்வளவு என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. மூன்று வாரமும் உம்முடைய தலையில் ஏறினால் உமக்கு லொறி மிஞ்சாது. கடைப் பங்கும் மிஞ்சாது. நான் கூட்டிப் பார்த்துவிட்டேன். ஆகவே கேட்கிறேன். என்ன நடந்தது?

இரகுநாதன்


முருகன் துணை

பதுளை,
22.11.1955

ஓவர்சியர் ஐயாவுக்கு,

விதி போட்டவரே விதியை மீறி எழுதுகிறீர்களே, நாளைக்கு எனக்கு ஒரு கூடை பழமும் அனுப்புவீர்கள் போல!

மூன்று வாரம்தானே. போகட்டும். லொறி வாங்குவதற்கு முன்னால் மாட்டு வண்டியில் சுண்ணாம்பு ஏற்றித்தானே பிழைத்தோம்? ஹாலி எலை ஏற்றத்தில் மாடு படுத்துவிட்டால் நீங்கள் ஒரு சக்கரம், நான் ஒரு சக்கரம் தள்ளினோம். அரசாங்க உத்தியோகத்தர் வண்டி தள்ளுகிறார் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் பின்னாலேயே வந்தார்கள். அந்த லிங்கம் இன்னும் செத்துப்போகவில்லை.

என் தாமதம் என்றே எழுதிவிடுங்கள். மனது கஷ்டப்பட வேண்டாம். அக்காவுக்கு மொனராகலைத் தேன் கிடைத்தால் இருமலுக்கு நல்லது. நான் அனுப்பவில்லை, சொல்லத்தான் செய்கிறேன்.

லிங்கம்


சிவமயம்

பண்டாரவளை,
26.11.1955

லிங்கம்,

உமக்கு விசரா? என்னைப் பேய்க்காட்டலாம் என்று நினைத்தீரா?

வீட்டைக் கட்டுகிறவனுக்குத் தன் வீடு இடிவது விளையாட்டா? பெண்சாதி பிள்ளை இல்லையா உமக்கு? பழைய வண்டிக் கதை சொல்லி என்னைச் சிரிக்க வைத்துவிட்டு உம்முடைய கழுத்தில் நீரே கயிற்றைப் போடுகிறீர். என்னுடைய கையால் அதை இழுக்கவும் சொல்கிறீர். முப்பது வருடம் அளவு எடுத்தவன் நான். ஓர் அடி நிலத்தைக்கூடக் காரணம் தெரியாமல் விட்டதில்லை.

கமலாம்பிகைக்குச் சொன்னேன். "அந்த மனிசன் ஆரையோ காப்பாத்துது. கேட்டு நெருக்காதேயுங்கோ" என்கிறார். எனக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்தது இதுதான். பதினைந்தாம் திகதிக்குள் உண்மையை எழுதும். இல்லாவிட்டால் இந்த நடுவர் வேலையை விட்டு விலகுகிறேன். உம்மை விட்டும் விலகுகிறேன். தன்னை நம்பாதவனோடு சிநேகம் வைத்து என்ன பயன்?

க. இரகுநாதன்


முருகன் துணை

பதுளை,
4.12.1955

அன்புள்ள ஐயாவுக்கு,

உங்களுக்குக் கோபம் வந்தால் கையெழுத்து நேராகிவிடும். இந்தக் கடிதத்தில் ஸ்கேல் வைத்தாற்போல இருந்தது. பயந்துவிட்டேன். எழுதுகிறேன். வாசித்துவிட்டு என்ன செய்வீர்களோ, அது உங்கள் மனச்சாட்சி.

ஏப்ரல் லீவுக்கு அன்னலட்சுமியும் பூவம்மாவும் தோட்டத்துக்கு வந்தார்கள். ஃபேக்டரிக்குக் கீழே பழைய கணக்கப்பிள்ளை வீடு சும்மா கிடந்தது. அதில் எங்களை இருக்கச் சொன்னார் துரை. லீவு முடிந்து புறப்படுகிற அன்று பிள்ளைக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. மறுநாள் முகத்தில் முத்துப் போட்டது. "அம்மா வந்திருக்காங்க" என்று அன்னலட்சுமி உடனே வாசலில் செருக வேப்பிலை தேடினாள். மலையில் வேப்பமரம் எங்கே இருக்கிறது? மரம் ஏற்ற மொனராகலைக்குப் போன நம்முடைய லொறியை, மரம் கிடக்கட்டும் என்று சொல்லி, வேப்பிலை ஏற்றிக்கொண்டு வரச் சொன்னேன். மரம் பிந்தியதுக்கு அதுவும் ஒரு காரணம். அதையும் நான் எழுதவில்லை.

அம்மை கண்ட பிள்ளையை எடுத்து அலைக்கக் கூடாது. தாளிக்கக் கூடாது. பக்கத்தில் இடிக்கக் கூடாது. உங்களுக்குத் தெரியாததா? ஆனால் எங்கள் தலைக்கு மேலே முழு ஃபேக்டரி வேலையும் நடக்கிறது. கல் உடைக்கிறார்கள், கூரைத் தகரம் அடிக்கிறார்கள். காய்ச்சல் தலைக்கு ஏறிய பிள்ளை, சுத்தியல் ஒவ்வொரு தடவை விழும்போதும் தூக்கிவாரிப் போட்டுக்கொண்டு "அப்பா, அடிக்கிறாங்க, என்னைய அடிக்கிறாங்க" என்று கத்தினாள். டிஸ்பென்சர் ஐயா நாடி பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போனார்.

வேலையை நிறுத்து என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஐயா. ஒப்பந்தத் தேதி கண்ணுக்கு முன்னால் நின்றது. அதை நினைத்தால் இன்றைக்கும் என் நெஞ்சு எரிகிறது. அப்போது துரை அந்தப் பக்கமாக நடந்து வந்தார். பிள்ளை கத்துவது கேட்டு வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை, தொப்பியைக் கழற்றினார். பிறகு நேரே மேலே போய் மொஹிதீனிடம், "கல் ஒடைக்கிறது நிப்பாட்டு. தகரம் அடிக்கிறது நிப்பாட்டு. புள்ள தூங்கணும்" என்றார். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த தமிழ். மொஹிதீன் அதற்கு முன்பே சுத்தியலைக் கீழே வைத்திருந்தாராம்.

அதன்பிறகு கல்லூத்து முழுக்க அமைதி. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கங்காணி கூடச் சத்தம் போட்டுப் பெயர் கூப்பிடவில்லை. கொழுந்து பறிக்கிற லயத்துப் பெண்கள் தங்கள் வீட்டிலும் உரலில் இடிக்கவில்லை, தாளிக்கவில்லை. யாரும் சொல்லிச் செய்யவில்லை. மூன்றாம் தண்ணீர் ஊற்றிப் பிள்ளை எழுந்து உட்கார்ந்து "பசிக்குது" என்று சொன்ன பிறகுதான் முதல் கல் உடைந்தது.

இப்போது சொல்லுங்கள். தோட்டம் வேலையை நிறுத்தியது, ஆகவே தாமதம் தோட்டத்தின் குற்றம் என்று நான் எழுதினால் வழக்கில் வென்றுவிடுவேன். அது எனக்கும் தெரியும். கம்பனி உடனே துரையைப் பிடிக்கும். யாரைக் கேட்டு நிறுத்தினாய் என்று கேட்கும். என் பிள்ளைக்காகத் தொப்பியைக் கழற்றிய மனிதரை நான் காட்டிக் கொடுப்பதா? அதுவும் போகட்டும். என் பிள்ளை பிழைத்த நாட்களை நான் எந்தக் கையால் நட்டம் என்று எழுதுவேன்? சாமி கொடுத்ததைக் கணக்குப் பார்த்தால் சாமி திருப்பிக் கேட்க மாட்டாளா? அன்னலட்சுமியும் அதையேதான் சொன்னாள். லொறி போனால் போகிறது.

உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். துரை பெயரை நீங்களாக எடுக்க வேண்டாம். இதைப் படித்தபின் நீங்கள் விலகினாலும் எனக்கு வருத்தமில்லை. சிநேகத்தை விட்டு மட்டும் விலகாதீர்கள். மாடியில் பாய் போட இனி வேறு ஆள் எனக்குக் கிடைக்காது.

லிங்கம்


சிவமயம்

பண்டாரவளை,
18.1.1956

அன்புள்ள லிங்கம்,

தீர்ப்பின் பிரதி உமக்குத் தபாலில் வந்திருக்கும். இரண்டாம் விசாரணைக்கு நீர் வரவில்லை. "எப்படித் தீர்த்தாலும் சரி" என்று எழுதி அனுப்பிவிட்டீர். வந்திருந்தால் ஒன்றைப் பார்த்திருப்பீர். ஆகவே நடந்ததைச் சொல்கிறேன்.

உம்முடைய கடிதத்தை வாசித்துவிட்டு அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. கமலாம்பிகை வாசித்துவிட்டு அழுதார். பிறகு, "இப்ப என்ன செய்யப் போறியள்? நடுவரெண்டால் நடுவிலை நில்லுங்கோவன்" என்றார். விலகினால் அடுத்து வருகிறவர் ஒன்றும் தெரியாமல் உம்மை முடித்துவிடுவார். தெரிந்தவனாக இருந்து தெரியாதவன் போலத் தீர்க்கவும் என்னால் முடியாது. யோசித்துக்கொண்டே இருந்தேன். ஒப்பந்தத்தை முதலிலிருந்து கடைசிவரை மறுபடி வாசித்தேன். தொற்று நோயால் வேலை நின்றால் அந்த நாட்கள் தாமதத்தில் சேராது என்று ஒரு வரி இருந்தது.

விசாரணையன்று, வழக்காளி எனக்குத் தனியாகக் கடிதம் எழுதியதையும் நான்தான் வற்புறுத்திக் கேட்டேன் என்பதையும் கம்பனி ஆளிடம் முதலில் சொன்னேன். என்மேல் நம்பிக்கை இல்லாவிட்டால் இப்போதே எழும்புகிறேன் என்றேன். இருக்கச் சொன்னார். பிறகு டிஸ்பென்சரைக் கூப்பிட்டு ஒரேயொரு கேள்வி கேட்டேன். மே மாதத்தில் வேலைத்தலத்துக்கு அருகில் தொற்று நோய் இருந்ததா? இருந்தது என்றார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. யார் நிறுத்தச் சொன்னது என்றும் கேட்கவில்லை. உமக்காக அதை விட்டேன்.

ஆனால் துரை எழும்பிவிட்டார். "வேலையை நிறுத்தச் சொன்னது நான். மறுபடியும் அப்படி நடந்தால் மறுபடியும் நிறுத்துவேன். கொழும்புக்கு எழுதிக்கொள்ளலாம்" என்று கம்பனி ஆளைப் பார்த்துச் சொன்னார். முன்பே சொல்ல வேண்டியது, லிங்கம் தானாகச் சொல்வார் என்று காத்திருந்தேன் என்றார். நீர் அவரைக் காப்பாற்றக் காத்திருக்கிறீர், அவர் உமக்காகக் காத்திருக்கிறார், நடுவில் நான் கணக்குப் பார்க்கிறேன்! கம்பனி ஆள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, தனக்கும் அந்த வயதில் ஒரு பிள்ளை இருக்கிறது என்றார். துரைக்குக் கொழும்பிலிருந்து ஒரு காரமான கடிதம் வரலாம். அதற்குமேல் ஒன்றும் வராது.

ஆகவே இப்படித் தீர்த்தேன். மழை வாரங்கள் இரண்டுக்கும் நீர் பொறுப்பில்லை. மரம் பிந்திய இரண்டு வாரத்துக்கும் நீர் கட்ட வேண்டும். வேப்பிலைக் கதை எனக்குத் தெரியும், ஆனாலும் மரத்துக்கு நீர் முன்பணம் கொடுத்ததே பிந்தித்தான். முகத்தைச் சுளியாதேயும். மே மாதத்து மூன்று வாரம் நோயினால் நின்றவை. ஒருவர் குற்றமும் இல்லை. அவற்றைத் தோட்டத்தின் கணக்கிலும் எழுதவில்லை, உம்முடைய கணக்கிலும் எழுதவில்லை. நட்டம் என்ற சொல்லையே அந்த இடத்தில் நான் பாவிக்கவில்லை. நாட்காட்டியிலிருந்து கழற்றி வெளியே வைத்துவிட்டேன். இது தவிர, வாரத் தொகையையும் கேட்டு, கொழுந்து ஏற்றிய லொறிக் கூலியையும் கேட்டிருந்தார்கள். ஓர் ஆட்டை இரண்டு தடவை உரிக்க முடியாது என்று கூலியை வெட்டிவிட்டேன்.

லொறி உம்மிடம் இருக்கும். கடையும் இருக்கும்.

இனி என் படலை திறந்திருக்கிறது. வாரும்.

அன்புடன்,
இரகுநாதன்


சிவமயம்

பண்டாரவளை,
24.2.1956

அன்புள்ள லிங்கம்,

ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. ஒரு வரியும் இல்லை. இரண்டு வாரத்தை உம்முடைய தலையில் போட்டேன் என்று கோபமா? அல்லது பிள்ளையின் நோயைச் சபையில் எடுத்தேன் என்று மனம் நொந்துவிட்டதா? நொந்திருந்தால் அதை எழுதும். ஏசி எழுதும். நீர் பேசாமல் இருந்தால் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ரயில் கூவுகிற ஒவ்வொரு தடவையும் கமலாம்பிகை என்னைப் பார்க்கிறார்.

சரி என்று நினைத்ததைத்தான் செய்தேன். ஆனால் சரியாகச் செய்தவனுக்கு ஒரு சிநேகிதன் குறைந்துபோனால், இந்த வயதில் எனக்கு அது பெரிய நட்டம்.

இரகுநாதன்


முருகன் துணை

கல்லூத்துத் தோட்டம்,
2.3.1956

என் ஐயாவுக்கு,

கோபமா! நல்லா இருக்கிறது கதை. தீர்ப்பு வந்தாலும் கம்பனி ஆட்சேபிக்கப் பெப்ரவரி கடைசி வரைக்கும் தவணை உண்டு என்று நீங்கள் அனுப்பிய தாளிலேயே அடியில் போட்டிருக்கிறது. தவணை முடியும் முன்னே நான் உங்களுக்கு எழுதி, அதைப் பிடித்துக்கொண்டு எவனாவது உங்கள் பெயரைக் கெடுத்துவிட்டால்? வாயைக் கட்டி, கையைக் கட்டி இருந்தேன். அன்னலட்சுமி பத்து தடவை மையை எடுத்து வைத்தாள், பத்து தடவை மூடி வைத்தேன். முந்தாநாள் தவணை முடிந்தது. இதோ எழுதுகிறேன். விதி உங்களுக்கு மட்டும்தானா?

என் பங்கு இரண்டு வாரத்தையும் கட்டிவிட்டேன். மரத்துக்கு முன்பணம் பிந்தியது உண்மைதான். அதை எப்படித்தான் கண்டுபிடித்தீர்களோ, பொல்லாத மனுசன்.

தீர்ப்பையும் உங்கள் கடிதத்தையும் அன்னலட்சுமிக்கு வாசித்துக் காட்டினேன். துரை எழும்பி நின்ற இடத்தை மறுபடியும் வாசிக்கச் சொன்னாள். மறுநாளே போய் அவரைக் கும்பிட்டேன். "புள்ள சொகமா?" என்று கேட்டுவிட்டு கந்தோருக்குள் போய்விட்டார்.

ஒரே ஓர் இடத்தில்தான் உங்கள் தீர்ப்பை நான் ஒப்பவில்லை. சண்டைக்குத் தயாராகுங்கள். அந்த மூன்று வாரமும் யாருடைய கணக்கிலும் சேராது என்று எழுதியிருக்கிறீர்கள். அது எப்படி? அவ்வளவு பேர் சேர்ந்து சும்மா இருந்து எனக்குக் கொடுத்த நாட்கள் அவை. அநாதையாக வெளியே நிற்க விடலாமா? அவை என்னுடையவை, ஐயா. வாங்கிக்கொண்டேன். வாங்கினதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் அல்லவா?

ஆகவே கேளுங்கள். பழைய கணக்கப்பிள்ளை வீட்டுக்கு அந்தப் பக்கம், ஃபேக்டரிச் சத்தம் எட்டாத மேட்டில், நோய் கண்ட பிள்ளைகளை வைத்துப் பார்க்க ஓர் அறை கட்டுகிறோம். ஒரு வாசல், இரண்டு ஜன்னல், ஒரு திண்மையான கூரை. கல்லும் மணலும் துரை தந்தார். மொஹிதீன் பாஸும் அவருடைய ஆட்களும் மூன்று வாரம் கூலி வேண்டாம் என்றார்கள். நான் விடவில்லை. சண்டை போட்டுக் கொடுக்கிறேன். லயத்து ஆட்கள் வேலை முடிந்து வந்து மண் சுமக்கிறார்கள்.

அன்னலட்சுமியையும் பூவம்மாவையும் கூட்டி வந்திருக்கிறேன். நேற்று மொஹிதீன் பாஸ் அவள் கையில் சின்னச் சுத்தியல் ஒன்றைக் கொடுத்து, "மொதல் கல்ல நீ ஒடை மகள்" என்றார். அவள் இரண்டு கையாலும் பிடித்து ஓங்கிப் போட்டாள். பிறகு நிறுத்தவே மாட்டேன் என்றுவிட்டாள். டக்கு டக்கென்று மாலை வரைக்கும் அதே வேலை. அன்னலட்சுமி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு மதில் ஓரமாகப் போய் நின்றாள். சத்தம் கேட்டுக் கொழுந்து எடுக்கிற பெண்களெல்லாம் மலை முகட்டில் கூடையோடு நின்று பார்த்தார்கள்.

இந்த வேலைக்கு ஒப்பந்தம் இல்லை. முடிக்க வேண்டிய தேதியும் இல்லை. அளவு எடுக்க மட்டும் ஓர் ஓவர்சியர் குறைகிறார். அக்காவையும் கூட்டிக்கொண்டு வியாழக்கிழமை ரயிலில் வாருங்கள். ஸ்டேஷனில் லொறியோடு நிற்பேன். என் லொறியோடு.

லிங்கம்